ராஜா ஜோடி

ஜூன் 2

என்ஜின் லாக் எழுதுவதற்காக வைத்திருந்த நோட்டு இது. என்ஜினே செத்துப்போன பிறகு லாக்கில் எதை எழுதுவது? பக்கங்கள் வெறுமனே கிடக்கின்றன. என் புலம்பலையாவது எழுதிவைக்கிறேன்.

நான் லியோன் கொரைரா, தூத்துக்குடிக்காரன், இந்தச் சரக்குக் கப்பலின் செகண்ட் என்ஜினியர். வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே ஏழு மாதமாக நங்கூரம் போட்டு நிற்கிறோம். கப்பல் முதலாளி தலைமறைவு. துறைமுகக்காரர்கள் எங்களைக் கரைக்கும் விடுவதில்லை, ஊருக்கும் விடுவதில்லை. ஆளில்லாத கப்பல் காற்றில் இழுபட்டுப் போய் எதன் மீதாவது மோதும் என்று அவர்களுக்குப் பயம். அதனால் நாங்கள் காவல் நாய்கள். பதினாறு பேர் இருந்த கப்பலில் இப்போது ஐந்து பேர்: வடக்கத்திக் கேப்டன் தோமர், நான், கீழக்கரைக்காரரான சமையல்காரர் மீராசா பாய், டெக்கில் வேலை செய்யும் குளச்சல் கிளீட்டஸ், எனக்குக் கீழே ஆயில்மேனாக இருக்கும் வங்காளத்துத் தபன். மற்றவர்கள் ஒப்பந்தம் முடிந்து ஆரம்பத்திலேயே தப்பித்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் வேறு விதமாகப் போனார்.

ஜூன் 3

அரிசி. வெங்காயம். அரிசி.

ஜூன் 6

ஜெனரேட்டருக்கு டீசல் கொஞ்சம்தான் மிச்சம் என்பதால் சாயங்காலம் இரண்டு மணி நேரம்தான் விளக்கு. அந்த நேரத்தில் சாப்பாட்டு மேசையில் போக்கர். ஆளுக்கு இரண்டு சீட்டு, யாருக்கும் காட்டாமல். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு: முதலில் மூன்று சேர்ந்தாற்போல விழும், பிறகு ஒன்று, பிறகு கடைசி ஒன்று. கையில் உள்ளதையும் நடுவில் உள்ளதையும் சேர்த்து நல்ல கை யாருக்கோ அவர் ஜெயித்தார். ஒவ்வொரு சீட்டு விழும்போதும் பந்தயம் உண்டு.

பந்தயத்துக்கு ஸ்டோரில் கிடந்த இரும்பு நட்டு. ஒரு நட்டு என்றால் ஒரு குவளை நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீரில் குளித்துக் குளித்துத் தோல் வெடித்துக் கிடக்கும் எங்களுக்கு அது சும்மா விளையாட்டில்லை. இந்த மேசைக்கென்று ஒரு சட்டமும் உண்டு. எதிராளி வைத்ததற்குச் சமமாக வைக்க உன்னிடம் நட்டு இல்லையென்றால், அவர் கேட்ட பொருளை வைக்க வேண்டும். முடியாதென்றால் சீட்டை மடக்க வேண்டும். போன மாதம் கேப்டன் கிளீட்டஸின் மீசையைக் கேட்டார். அந்தக் கிறுக்கன் வைத்தான். தோற்றான். இப்போது அவனைப் பார்த்தால் வேகவைத்த முட்டை மாதிரி இருக்கிறான்.

சீட்டுக்கட்டில் ஆட்டின் எட்டு, அதாவது சிவப்பு இதயம் போட்ட எட்டு, காற்றில் பறந்து கடலுக்குள் போய்விட்டது. அதற்குப் பதிலாகப் பால்பவுடர் அட்டையை வெட்டிச் சிவப்புப் பேனாவால் எட்டு இதயம் வரைந்து வைத்திருக்கிறோம். முதுகைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பதால், அந்த அட்டை வந்தவர் அதை எல்லாரும் பார்க்கத் திறந்துவைத்துவிட வேண்டும். இன்னொரு சீட்டை மட்டும் மறைத்துக்கொள்ளலாம்.

இந்த ஆட்டத்தை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் டெக் ஆட்களுக்குத் தலைவராக இருந்த போசன் ரெய்னால்டோ, பிலிப்பைன்ஸ்காரர். ராஜா ஜோடி கையில் வந்ததும் மாப்பிள்ளை முறுக்கோடு உட்காராதே, நடுவில் மூன்றும் ஒரே இனமாக விழுந்தால் உன் ஜோடி வெறும் காகிதம் என்று என்னிடம் பல முறை சொன்னார். நான் கேட்டதில்லை. பிப்ரவரியில் அவருக்குக் கால் வீங்கியது. பிறகு மூச்சு வாங்கியது. பிறகு ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. படகு வரும்வரை உடலை மீராசா பாயின் ஃபிரீசரில்தான் வைத்திருந்தோம். பாய்தான் குளிப்பாட்டினார். அதற்குப் பிறகு யாரும் அந்தக் கதவைத் திறப்பதில்லை.

ஜூன் 11

பூட்ஸ் இறுகுகிறது. இந்த வெயிலில் தோல் சுருங்கத்தான் செய்யும். செருப்புக்கு மாறிவிட்டேன்.

மத்தியானம் கிச்சன் வாசலில் உட்கார்ந்திருந்தபோது பாய் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, கேட்காமல் கொள்ளாமல், பெருவிரலால் என் முழங்காலுக்குக் கீழே அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"தம்பி, இது எத்தன நாளா இருக்கு?"

"நாள் பூரா நின்னா யாருக்கும் வீங்கத்தான் செய்யும் பாய். நீங்க ஒங்க சோத்தப் பாருங்க."

அவர் உள்ளே போனார். இவர் என்ன டாக்டரா?

ஜூன் 19

துறைமுக ஏஜெண்டின் படகு வந்தது. அரிசி, தண்ணீர், ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். கூடவே ஒரு செய்தி: ஐவரில் ஒருவர் ஊருக்குப் போகலாம். ஒருவர்தான். மீதி நால்வர் காவலுக்கு இருக்க வேண்டும். அடுத்த டிக்கெட் எப்போது என்று கேட்டதற்கு அவன் வானத்தைப் பார்த்தான்.

கேப்டன் எல்லாரையும் கூப்பிட்டு, யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் சொல்லுங்கள், சீக்காளிதான் முதலில், குலுக்கல் வேண்டாம் என்றார். இந்தியில்தான் சொன்னார், ஆனால் என்னைப் பார்த்துச் சொன்னது போல இருந்தது. நான் சாக்ஸை முழங்கால்வரை இழுத்துவிட்டிருந்தேன். சீக்காளி என்று போனால் சர்டிபிகேட்டில் 'அன்ஃபிட்' என்று குத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு எந்தக் கப்பல்காரன் என்னை ஏற்றுவான்? பதினைந்து வருஷம் எண்ணெயில் ஊறிச் சம்பாதித்த பெயர். ஓட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டு மாமனார் கடையில் சிமெண்டு மூட்டை எண்ணவா?

யாரும் கை தூக்கவில்லை. பாய் மட்டும் என்னைப் பார்த்தார். நான் முறைத்தேன். அவர் வாயை மூடிக்கொண்டார்.

கேப்டனின் தொப்பியில் ஐந்து துண்டுக் காகிதம் போட்டுக் குலுக்கினோம். டிக்கெட் மீராசா பாய்க்கு விழுந்தது.

ஜூன் 20

பாய்க்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை. உண்மையாகத்தான் எழுதுகிறேன். அவர் மனைவி ஜொகராவுக்குக் கர்ப்பப்பையில் புற்று. பார்த்து முடித்துவிட்டோம், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று மதுரையில் சொல்லிவிட்டார்களாம்.

"மொகத்த ஒருக்காப் பாத்துட்டாப் போதும் தம்பி. எங்கள்ல மய்யித்த வச்சுக்கிட்டு இருக்க மாட்டாங்க. கடல்ல இருக்கவனுக்காகவெல்லாம் காத்துக் கெடக்காது" என்றார். மய்யித்து என்றால் இறந்தவரின் உடல்.

நல்ல மனிதர். போகட்டும்.

ஜூன் 27

டிக்கெட் இன்னும் வரவில்லை. காகித வேலையாம்.

பாயின் வீட்டிலிருந்து போன் என் நம்பருக்குத்தான் வரும். கப்பலில் இந்த ஊர் சிம் போட்ட போன் என்னிடம்தான் இருக்கிறது, அதுவும் பின்பக்கத் தளத்தில் நின்றால்தான் சிக்னல் எடுக்கும். அவர் பேசிவிட்டு வரும்போதெல்லாம் கண் சிவந்திருக்கும்.

இன்று இன்னொரு கூத்து. தட்டில் என் சோற்றுக்கு மேல் மட்டும் பருப்பு மலையாக இருந்தது. மற்றவர்களுக்கு மஞ்சள் தண்ணீர். பாயின் தட்டில் அதுவும் இல்லை, வெறும் சோறும் உப்பும்.

"இது என்ன பாய்?"

"சும்மா சாப்புடுங்க. எனக்குப் பருப்பு சேரல."

"எனக்கு யாரும் பிச்ச போட வேண்டாம்" என்று தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டேன். பருப்பு மேசையில் கொட்டியது. தபன் அதை வழித்துச் சாப்பிட்டான். தட்டைத் தள்ளியிருக்க வேண்டாம்தான். ஆனால் கொரைரா குடும்பத்தில் யாரும் கைநீட்டி வாங்கிப் பழக்கமில்லை.

ஜூலை 1

காற்றே இல்லை. கடல் எண்ணெய் மாதிரி கிடக்கிறது.

ஜூலை 4

என்ஜின் ரூமிலிருந்து மேலே வர மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. புழுக்கம். உள்ளங்கால் மரத்துப்போய், செருப்பு கழன்றதே தெரியாமல் இரும்புத் தளத்தில் நடந்திருக்கிறேன். சுட்டுக் கொப்புளம் வந்த பிறகுதான் பார்த்தேன்.

படுத்தால் மூச்சு அடைக்கிறது. தலையணைக்குக் கீழே லைஃப் ஜாக்கெட்டை மடித்து வைத்து உட்கார்ந்தபடி தூங்குகிறேன். ரெய்னால்டோவும் கடைசியில் உட்கார்ந்துதான் தூங்கினார். அவருக்கு வயது அறுபது. எனக்கு முப்பத்தெட்டு. அதுவும் இதுவும் ஒன்றாகாது.

அடுத்த டிக்கெட் டிசம்பரில் இருக்கலாம் என்று ஏஜெண்ட் கேப்டனிடம் சொன்னானாம். டிசம்பர்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

ஜூலை 8

கேப்டன் சொன்னார்: டிக்கெட் பதினான்காம் தேதிக்கு. எந்தப் பெயர் என்று பதினொன்றாம் தேதிக் காலையில் ஏஜெண்டுக்குச் சொன்னால் போதும். பாயின் பெயர்தான், அதில் என்ன கேள்வி.

இரண்டு நாளாக என் போனில் சார்ஜ் இல்லை. பவர் பேங்கும் காலி. ஜெனரேட்டர் கரண்டு விளக்குக்கு மட்டும்தான்; போனுக்கு இருக்கும் சின்னச் சூரியத் தகடு சரியாக வேலை செய்யவில்லை.

ஜூலை 10

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

மத்தியானம் போனை உயிர்ப்பித்துப் பின்தளத்துக்குக் கொண்டுபோனதும் மணி அடித்தது. பாயின் மகன் அசன். "காக்கா, வாப்பாட்ட குடுங்க" என்றான். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். தொண்டை கட்டியது போல இருந்தது குரல், சிக்னல் அப்படி. பாயைக் கூப்பிட்டுக் கொடுத்து, "சீக்கிரம் பேசச் சொல்லுங்க, சார்ஜ் இல்ல" என்று அவன் காதிலும் விழும்படியே சொன்னேன். பாய் கயிற்றுச் சுருளுக்குப் பின்னால் போய் நின்றார். அதிகம் பேசவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். திருப்பிக் கொடுக்கும்போது போன் ஈரமாக இருந்தது, வியர்வை.

"வீட்ல எப்படி பாய்?"

"இப்ப வலி ஒண்ணும் இல்லயாம் தம்பி."

நல்ல செய்திதானே. பிறகு அவர் வெகுநேரம் தொழுதார். சோறு அடிப்பிடித்துவிட்டது. இத்தனை மாதத்தில் அவர் சோறு அடிப்பிடித்து நான் பார்த்ததில்லை. ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் அடுப்பை மறந்துவிட்டார் என்று கேலிகூடச் செய்தேன். அவர் சிரித்தார்.

சாயங்காலம் விளக்கு வந்ததும் பாய்தான் சீட்டுக்கட்டை எடுத்துவந்தார். அதுவும் வழக்கமில்லை. கிளீட்டஸ் சீட்டுப் போட்டான். நாலைந்து ஆட்டம் சும்மா போயிற்று. பிறகு எனக்கு வந்தது இஸ்பேடு ராஜா. அதற்கு மேல் கிளாவர் ராஜா. இரண்டு கறுப்பு ராஜாக்கள். நெஞ்சு இடித்ததில் மேசையே ஆடுவது போல இருந்தது.

பாய்க்கு அட்டை எட்டு வந்தது. சட்டப்படி திறந்து வைத்தார். இன்னொரு சீட்டு வந்ததும் அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

கேப்டனும் தபனும் மடக்கிவிட்டார்கள். கிளீட்டஸ் நடுவில் மூன்று சீட்டைப் புரட்டினான். ஆட்டின் மூன்று. ஆட்டின் ஒன்பது. ஆட்டின் ராணி.

மூன்றும் ஆட்டின். பாயின் முன்னால் திறந்து கிடப்பதும் ஆட்டின். அவர் உள்ளங்கைக்குக் கீழே இன்னொரு ஆட்டின் மட்டும் இருந்தால், ஐந்தும் ஒரே இனம். என் ராஜாக்கள் வெறும் காகிதம். என் கையிலோ ஒரு ஆட்டின்கூட இல்லை. ரெய்னால்டோ இருந்திருந்தால் மேசைக்கு அடியில் என் காலை மிதித்திருப்பார்.

பாயைப் பார்த்தேன். அவர் சீட்டைத் தூக்கிப் பார்க்கவே இல்லை. ஒரு தடவைகூட. நடுவில் இத்தனை சிவப்பு விழுந்தால் எந்த மனிதனும் தன் சீட்டை இன்னொரு முறை ஓரம் தூக்கிப் பார்ப்பான், ஆட்டினா டைமண்டா என்று குழம்புவான். பாய் கையை அசைக்கவில்லை. அவ்வளவு நிச்சயமாக இருக்கிறார் என்று பயந்தேன். அதே சமயம் எனக்கு ஆத்திரமும் வந்தது. இந்த மனிதருக்கு டிக்கெட்டும் விழ வேண்டும், சீட்டும் விழ வேண்டுமா? ராஜா ஜோடி எனக்கு இந்தக் கப்பலில் வருவது இதுவே முதல் தடவை. இதை வைத்துக்கொண்டு மடக்கச் சொல்கிறீர்களா?

என் முன்னால் இருந்த நட்டு எல்லாவற்றையும் நடுவில் தள்ளினேன். அதற்கு மேல் என் போனை வைத்தேன். பவர் பேங்கையும் வைத்தேன்.

கிளீட்டஸ் விசிலடித்தான். பாயிடம் ஏழெட்டு நட்டுதான் இருந்தது. சட்டப்படி நான் கேட்க வேண்டும். பயமுறுத்தி மடக்கவைக்கத்தான் கேட்டேன், அது சத்தியம்.

"டிக்கெட்ட வைங்க பாய். இல்லன்னா மடக்குங்க."

கிளீட்டஸ்தான் முதலில் பேசினான். "எண்ணே, அது செய்யப்பிடாது. அவருக்க பெண்டாட்டி கெடக்கா, கேட்டீளா? வேற என்னவாம் கேளும்."

"நீ சீட்டப் போடு. ஒன் மீசையக் கேட்டப்ப யாரும் அழல."

பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார், சாக்ஸ் கழன்று கிடந்த என் காலை. பிறகு நிமிர்ந்தார்.

"சரி. வச்சேன்" என்றார்.

போச்சு, ஐந்து ஆட்டினும் அவரிடம் இருக்கிறது. இல்லாவிட்டால் யாராவது மனைவியின் முகத்தைப் பந்தயத்தில் வைப்பானா? போன் கிடைத்தால் தினமும் பேசலாமே என்ற ஆசைதான் அவரை இழுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேப்டன் பக்கம் திரும்பினேன், தடுப்பாரோ என்று. அவர், காலையில் எனக்கு ஒரு பெயர் வேண்டும், எந்தப் பெயராக இருந்தாலும் சரி என்று மட்டும் சொன்னார்.

நாலாவது சீட்டு, கிளாவர் நாலு. ஒன்றுமில்லை. என்னிடம் வைக்கவும் ஒன்றுமில்லை. பாயும் ஒன்றும் கேட்கவில்லை.

கடைசிச் சீட்டு, டைமண்ட் ஏழு.

இனிச் சீட்டைத் திறந்து காட்ட வேண்டியதுதான். என் சட்டைப் பையில் பாதி பிஸ்கட் பாக்கெட் இருந்தது. ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. தோற்கப்போகிறவனின் திமிராக இருக்கலாம். ஒரு பிஸ்கட்டை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். "இதுக்கும் வைங்க" என்றேன்.

பாய் அந்தப் பிஸ்கட்டைப் பார்த்தார். அவரிடம் ஒரு முழுப் பாக்கெட் இருந்தது, அவர் அதைப் பிரிக்கவே இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

"நான் மடக்கிட்டேன் தம்பி" என்றார்.

அட்டை எட்டையும் அந்த இன்னொரு சீட்டையும் குப்புறக் கட்டுக்குள் செருகிக் கலைத்தார். எழுந்து கிச்சனுக்குப் போய்ப் பாத்திரம் துலக்க ஆரம்பித்தார்.

ஒரே ஒரு பிஸ்கட்டுக்கு! கடைசி நேரத்தில் தைரியம் விட்டுப்போயிற்று, அவ்வளவுதான். கையில் வெறும் எட்டு மட்டும்தான் இருந்திருக்கும். என் அழுத்தம் தாங்கவில்லை. ரெய்னால்டோ பார்த்திருக்க வேண்டும், பயங்கரமான மேசையில் ராஜா ஜோடியை நான் எப்படி ஓட்டிக் கரை சேர்த்தேன் என்று.

நான் ஊருக்குப் போகிறேன்.

ஜூலை 11

கேப்டன் என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். கிளீட்டஸ் என்னோடு பேசுவதில்லை. சோறு வாங்கப் போனால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று விடியற்காலையில் பாயின் அறைவரை போனேன். மாடிப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

ஜூலை 12

தட்டில் மறுபடியும் பருப்பு. சாப்பிட்டேன்.

ஜூலை 14

படகு வந்தது. கயிற்றேணியில் இறங்க என்னால் முடியவில்லை. பாய் என் இடுப்பில் கயிற்றைக் கட்டி, கிளீட்டஸும் அவருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். அதற்கு முன்னால் போனையும் பவர் பேங்கையும் பாயின் கையில் வைத்தேன். ஏதோ பாவக்கணக்கைக் குறைத்துக்கொள்ளும் ஆசை.

"வீட்ல ஏதாச்சும் சொல்லணுமா பாய்? நான் நேரப் போயிச் சொல்லுதேன்."

"ஒண்ணும் சொல்ல வேணாம். நீங்க ஊருல எறங்குனதும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. வூட்டுக்குப் போயிட்டு அப்புறம் போகலாம்னு இருக்காதீங்க."

கோபத்தில்தான் வீட்டைப் பற்றிப் பேச மறுக்கிறார் என்று நினைத்தேன். படகு திரும்பியபோது அவர் கையாட்டவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜூலை 20

தூத்துக்குடி. ஆஸ்பத்திரிக் கட்டில்.

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குத்தான் போனேன். வாசல்படியில் விழுந்தேனாம். என் மனைவி மெர்சி ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்து போட்டிருக்கிறாள். விழித்தபோது அவள் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். பார்த்ததும் முதல் வார்த்தை திட்டுதான், அதில் ஒரு நிம்மதி.

வெறும் வெள்ளை அரிசியாகவே மாதக்கணக்கில் தின்றால் வருகிற சத்துக்குறைவாம். இருதயம் வீங்கி, காலெல்லாம் நீர் கோத்திருக்கிறது. ஊசியிலேயே சரியாகிவிடும், இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒருவர் சாக வேண்டியதே இல்லை என்றார் டாக்டர். பருப்பு, பயறு ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டீர்களா, அதில்தான் தாக்குப்பிடித்திருக்கிறீர்கள், இன்னும் ஒரு மாதம் அங்கே இருந்திருந்தால் இருதயம் நின்றிருக்கும் என்றார்.

ரெய்னால்டோவுக்கும் ஒரு ஊசி போதுமாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 2

கால் பழைய கால் ஆகிவிட்டது. கேஸ் தாளில் 'கப்பல் பணிக்குத் தகுதியில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். தாளை மடித்து அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 9

பாயின் மனைவி உயிரோடு இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ளாமல் சோறு இறங்கவில்லை. மெர்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து போய்க் கொடியில் துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். அரைமணி நேரம் கழித்து வந்து, "நீங்க போயிப் பாத்துட்டு வாங்க. இருந்தா அந்தம்மா கால்ல விழுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 17

கீழக்கரை. பஸ்ஸில் வரும்போதே என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். கையில் ஒரு பை ஆப்பிள். நோயாளிக்கு என்று வாங்கியது.

வீட்டு முற்றத்தில் இரண்டு பெரிய தேக்சாக்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அசன் வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும், அப்படியே பாயின் மூக்கு. நான் யார் என்று சொன்னதும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தான்.

"உம்மாவுக்கு எப்படி இருக்கு தம்பி?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"உம்மா மவுத்தாயிட்டாஹ காக்கா. நேத்துத்தான் நாப்பதாம் நாள் பாத்திஹா ஓதுனோம். ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று தலையாட்டினேன். அப்போதும் எனக்குப் புரியவில்லை. நான் கப்பலை விட்டு வந்த பிறகு நடந்தது, பாய் வந்திருந்தால் முகம் பார்த்திருப்பார், நான் கெடுத்தேன் என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"வாப்பாவுக்கு எப்பச் சொன்னீங்க?"

"ரெண்டு நாளா ட்ரை பண்ணேன், சுவிச் ஆஃப். அதுக்குள்ள அடக்கிட்டோம். மூணாவது நாள் மத்தியானந்தான் கெடச்சுது. நீங்கதான எடுத்தீங்க? வாப்பாட்ட குடுங்கன்னு சொன்னேன். சார்ஜ் இல்ல, சீக்கிரம்னு சொன்னீங்க."

ஆப்பிள் பை மடியில் இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. இப்ப வலி ஒண்ணும் இல்லயாம் தம்பி. அடிப்பிடித்த சோறு. கட்டை எடுத்துவந்தது அவர். மேசைக்கு அடியில் என் காலைப் பார்த்தது அவர். நான் கைநீட்டி வாங்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும், பருப்பே வாங்காதவன். ஜெயித்தால் வாங்குவான் என்றும் தெரிந்திருக்கிறது.

அசன் நெய்ச்சோறு கொண்டுவந்து வைத்தான். எதிரில் உட்கார்ந்து கேட்டான்:

"ஜூலையில வர்றதாத்தான் சொல்லியிருந்தாஹ. அப்புறம் பாத்தா, கப்பல்ல ஒருத்தருக்கு ரொம்ப முடியல, அவர அனுப்பிட்டோம்னுட்டாஹ. அது யாரு காக்கா? பொழச்சுக்கிட்டாரா?"

"பொழச்சுக்கிட்டாரு" என்றேன். யாரென்று சொல்ல வாய் வரவில்லை.

அந்தச் சோற்றை முழுக்கச் சாப்பிட்டேன். வைத்துவிட்டு எழுந்திருக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 18

காலையிலிருந்து என் பழைய நம்பருக்கே போட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கிடைத்தது. பாய்தான் எடுத்தார். காற்று இரைச்சல். பின்தளத்தில் நிற்கிறார் போலிருக்கிறது.

"அல்ஹம்துலில்லாஹ். காலு எப்புடி தம்பி?"

"நல்லாயிட்டு பாய். கீழக்கரை போயிருந்தேன்."

"புள்ள சோறு போட்டானா?" என்றார்.

"போட்டான். ஏன் பாய் சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீங்க போயிருக்க மாட்டீங்க. அங்க வந்து நான் யாரு மொகத்தப் பாக்க? ரெய்னால்டோவக் குளுப்பாட்டுன கை தம்பி இது. இன்னொருக்கா என்னால முடியாது."

நான் அழுதேன். மெர்சி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் பேச்சில் ஒன்று உறைத்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கினார்.

"பாய், நீங்க பருப்பு திங்கீங்களா?"

"படகு வந்து பதினஞ்சு நாளாச்சு. பருப்பு இல்ல."

"ஒங்க காலப் பாத்தீங்களா? பெருவிரலால அழுத்திப் பாருங்க, குழி விழுதான்னு."

"பாக்கல."

"இப்பப் பாருங்க பாய்!"

"பாத்து என்ன செய்ய தம்பி."

அவரைப் பேசவைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று தோன்றியது. லைன் போய்விட்டால் மறுபடி கிடைக்காது. வேறு எதுவும் வாயில் வராமல், இத்தனை நாள் உள்ளே குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கு ஒங்க கையில இருந்த இன்னொரு சீட்டு என்ன பாய்? ஆட்டினா?"

அவர் லேசாகச் சிரித்தது கேட்டது.

"அதயும் பாக்கல தம்பி" என்றார்.

போன் அணைந்துவிட்டது. திரும்பப் போட்டேன். சுவிச் ஆஃப்.

அலமாரியிலிருந்து கேஸ் தாளை எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். 'தகுதியில்லை' என்று எழுதிய பக்கம் மேலே தெரியும்படி. நாளைக் காலை ரயிலில் சென்னைக்குப் போய், கப்பல் துறை அலுவலகத்தில் இதை மேசையில் வைத்து, அங்கே இன்னும் நான்கு பேர் இதே அரிசியைத்தான் தின்கிறார்கள் என்று சொல்லப்போகிறேன். கேட்கவில்லையென்றால் வாசலிலேயே உட்காருவேன். எனக்கு இனிக் கப்பல் கிடையாது.

மெர்சி சாப்பிடக் கூப்பிடுகிறாள். இன்னும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுப் போகிறேன்.